"நாளையிலிருந்து வரத் தேவையில்லை": அந்தச் சொல்லோடு வேலை முடிந்துவிடுமா?

வாசகர் கேள்வி

ஐயா, நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள். சம்மாந்துறைப் பக்கம் உள்ள ஓர் அரிசி ஆலையில் ஏழு வருடமும் நான்கு மாதமும் கணக்கு எழுதும் வேலை பார்த்தேன். எல்லாமாக 22 பேர் அங்கே வேலை. பெப்ரவரி மாதம் தொடங்கி என் சம்பளத்தை 58,000 ரூபாயிலிருந்து 42,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். "எனக்குச் சம்மதமில்லை" என்று முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். வீட்டு நிலைமையால் வேலையை விடவில்லை. மே 20ஆம் திகதி நெல் இருப்புப் புத்தகத்தில் ஏதோ பிழை என்று எல்லோர் முன்னாலும் ஏசி, "நாளையிலிருந்து வரத் தேவையில்லை" என்றார். மறுநாளும் போனேன். கேட்டிலேயே காவலாளி மறித்துவிட்டார். 27ஆம் திகதி என் வங்கிக் கணக்கில் 42,000 ரூபாய் விழுந்தது. கடிதம் எதுவும் இல்லை. மூன்று நாள் கழித்து மனேஜர், "ராஜினாமாக் கடிதம் தந்தால் பணிக்கொடையைப் பேசி எடுத்துத் தரலாம், இல்லாவிட்டால் நீங்களே வேலையை விட்டுப் போனதாகத்தான் எழுதுவோம்" என்று மெசேஜ் போட்டிருக்கிறார். "காசு வந்துவிட்டது, இனி என்ன, கடிதத்தைக் கொடுத்துவிட்டு வா" என்கிறார் அத்தான். சட்டம் படிக்கும் என் தம்பியோ, "முதலாளி ஒப்பந்தத்தை மீறினாலும் நீ ஏற்காதவரை ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும்" என்கிறான். அக்கரைப்பற்றில் இன்னோர் ஆலையில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் வேலையை விட்டு 2 வருடத்துக்கு மாவட்டத்துக்குள் வேறு ஆலையில் சேரக்கூடாது என்று என் நியமனக் கடிதத்தில் இருக்கிறது. என் வேலை முடிந்ததா, இல்லையா?

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

மற்றதெல்லாம் பிறகு. அந்த ராஜினாமாக் கடிதத்தை எழுதவும் வேண்டாம், அவர்கள் எழுதி நீட்டினால் கையெழுத்து வைக்கவும் வேண்டாம். மட்டக்களப்பில் நான் தொழில் வழக்குகள் பார்க்கத் தொடங்கிய காலத்திலிருந்து, நல்ல வழக்கு ஒன்று கெட்டுப்போவதை அதிகம் கண்டது இந்த ஒரு தாளில்தான். இருபது வருடம் உழைத்த ஒருவர், "சேவைச் சான்றிதழ் தரவேண்டுமென்றால் இதில் ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்றதை நம்பிப் போட்டுவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தார். அவரை வேலையால் நிப்பாட்டியது ஊருக்கே தெரியும். தாளில் இருந்ததோ, அவர் தன் விருப்பப்படி விலகினார் என்று.

பணிக்கொடையைக் காட்டி அந்தக் கடிதத்தைக் கேட்கிறார்கள் அல்லவா? அது அவர்கள் பேசி எடுத்துத் தரவேண்டிய காசே இல்லை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் அதை உரிமையாகவே கொடுக்கிறது. நீங்களாக விலகினாலும் வரும், அவர்கள் நிறுத்தினாலும் வரும். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், பிந்தினால் மேலதிகத் தொகையும் சேரும். களவு, மோசடி, வேண்டுமென்று செய்த சேதம் போன்றவற்றுக்காக நிறுத்தப்பட்டவருக்கு மட்டும், அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்குத்தான் வெட்டலாம். உங்களுக்கு உரியதையே உங்களிடம் விற்கப் பார்க்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தம்பி படித்தது சரி. அத்தான் சொல்வது பிழை. ஆனால் தம்பி சொல்வதைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தால், அத்தான் சொன்னதைக் கேட்டதைவிட அதிகம் இழப்பீர்கள். அதனால் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டியிருக்கிறது.

ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் அது தானாக முறிந்துவிடுமா என்ற கேள்வி இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில், அதாவது நீதிபதிகளின் தீர்ப்புகளால் வளர்ந்த சட்டத்தில், மிகப் பழையது. நம் வயல் வழக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு போகத்துக்குக் குத்தகைக்கு எடுத்த வயலுக்கு, நடுப்போகத்தில் சொந்தக்காரர் தண்ணீர் விட மறுக்கிறார். அவர் சொல் தவறியது உண்மை. அதற்காகக் குத்தகை முடிந்தது என்று அவரே அறிவிக்க முடியுமா? முடிந்தது என்று எடுத்துக்கொண்டு நட்டத்தைக் கேட்பதா, குத்தகையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைக் கேட்பதா என்று தீர்மானிக்கும் உரிமை சொல் தவறாதவருக்கே உண்டு. மற்ற ஒப்பந்தங்களில் இதைப் பற்றிச் சச்சரவில்லை. வேலை ஒப்பந்தத்தில் மட்டும் நீதிபதிகள் இரண்டு பட்டார்கள். வேலைக்காரரை வாசலில் மறித்த பிறகு வேலை எங்கே இருக்கிறது, முதலாளி முறித்த உடனேயே முடிந்தது என்றது ஒரு பக்கம். வேலை ஒப்பந்தமும் ஒப்பந்தம்தானே, மீறப்பட்டவர் ஏற்கும்வரை முடியாது என்றது மறுபக்கம். ஏற்கப்படாத முறிப்பு நீர் மேல் எழுத்து என்று 1951இல் ஆங்கில நீதிபதி அஸ்க்வித் எழுதினார். நம் வாயில் கிடக்கும் அதே உவமை.

இந்தச் சண்டையை 2012 டிசம்பரில் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த வழக்கின் கதை உங்கள் கதைக்கு ஆச்சரியப்படும் அளவுக்குக் கிட்ட நிற்கிறது. கெய்ஸ் என்பவர் சொசியெத்தே ஜெனரால் வங்கியின் லண்டன் கிளையில் உயர்பதவியில் இருந்தவர். 2007 நவம்பர் 29ஆம் திகதி அவரைக் கூப்பிட்டு, உடனடியாக நிறுத்தப்படுகிறீர்கள் என்று கடிதம் கொடுத்துக் கட்டடத்துக்கு வெளியே கூட்டிப்போய் விட்டார்கள். டிசம்பர் 18ஆம் திகதி முன்னறிவித்தலுக்குப் பதிலான சம்பளம் அவர் கணக்கில் விழுந்தது. இன்ன காரணத்துக்காக இந்தக் காசு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஜனவரி 2ஆம் திகதி அவருடைய சட்டத்தரணிகள், ஒப்பந்தத்தை அவர் உயிரோடு வைத்திருக்கிறார் என்று எழுதினார்கள். அதன் பிறகுதான் வங்கி விழித்துக்கொண்டு, அந்தக் காசு எதற்காக என்று விளக்கிக் கடிதம் அனுப்பியது. ஒப்பந்தப்படி அது 2008 ஜனவரி 6ஆம் திகதி கிடைத்ததாகக் கொள்ளப்பட்டது. வேலை 2007இல் முடிந்ததா, 2008இல் முடிந்ததா என்பதில் பல மில்லியன் யூரோ தங்கியிருந்தது. ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், மீறிய முதலாளி தன் மீறலாலேயே ஒப்பந்தத்தை முடித்துவிட முடியாது, கணக்கில் காசு போடுவது மட்டும் முடிவாகாது, ஊழியருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். முடிந்த திகதி ஜனவரி 6. மாறுபட்டவர் சம்ப்ஷன் பிரபு. வேலையும் கொடுக்க வைக்க முடியாது, சம்பளமும் வாங்க முடியாது என்ற பிறகு ஒப்பந்தத்தில் வெறும் ஓடுதான் மிஞ்சும் என்பது அவர் பார்வை. பெரும்பான்மையினர் பக்கம்தான் நானும். தான் செய்த பிழையைக் கொண்டே முடிவு நாளைத் தனக்குத் தோதாக வைத்துக்கொள்ள ஒரு முதலாளிக்கு இடம் கொடுக்கக்கூடாது.

ஆக, உங்கள் கணக்கில் விழுந்த 42,000 ரூபாய் எதையும் முடிக்கவில்லை. அது மே மாதச் சம்பளமா, முன்னறிவித்தலுக்குப் பதிலான காசா என்று அவர்களே சொல்லவில்லை. எடுத்துச் செலவழிக்கலாம், பயப்பட வேண்டாம். எனக்கு வரவேண்டியதில் ஒரு பகுதியாகத்தான் இதை எடுக்கிறேன் என்று மட்டும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சம்பளக் குறைப்புக்கும் இதே விதிதான் பதில் சொல்கிறது. ஃபெரோடோ என்ற கம்பனியில் வேலை செய்த ரிக்பி என்ற தொழிலாளியின் சம்பளத்தை 1982இல் ஒருதலையாக வெட்டினார்கள். அவர் சம்மதிக்கவும் இல்லை, வேலையை விடவும் இல்லை. தொடர்ந்து வேலை செய்ததால் ஏற்றுக்கொண்டார் என்று கம்பனி வாதாடியது. 1987இல், அப்போது அந்நாட்டின் அதியுயர் மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை அதைத் தள்ளிவிட்டு, பழைய ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது, வெட்டிய தொகையைக் கொடுங்கள் என்றது. நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதிய ஒரு வரிதான் இங்கே உங்களைக் காப்பாற்றுகிறது. பெப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதத்துக்கும் 16,000 படி 48,000 ரூபாய் நிலுவை. மே மாத 20 நாளுக்கு உரியது வேறு. இதைவிடப் பெரிய விசயம் பணிக்கொடையில் ஒளிந்திருக்கிறது. அது கடைசியாகப் பெற்ற சம்பளத்தின் அரை மாதக் கணக்கில், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் வரும். 42,000 என்று எடுத்தால் 7 வருடத்துக்கு 147,000 ரூபாய். 58,000 என்று எடுத்தால் 203,000. இடையில் 56,000 ரூபாய் இருக்கிறது. அந்த மெசேஜை இன்றைக்கே படமெடுத்து இன்னோர் இடத்தில் சேமித்து வையுங்கள். போன் தண்ணீரில் விழுந்தது, சிம் மாறியது என்று வந்து நிற்பவர்களைக் கண்டு மனம் நொந்திருக்கிறேன்.

இதை வாசிக்கும் மற்றவர்களில் சிலர் இன்னும் அதே இடத்தில், வெட்டிய சம்பளத்தோடு வேலை செய்துகொண்டிருப்பீர்கள். முதலாளியின் மீறல் ஒப்பந்தத்தின் அடிவேரையே வெட்டும் அளவுக்குப் பெரிது என்றால், வேலையை விட்டுவிட்டு, என்னை நிப்பாட்டியதற்குச் சமம் இது என்று கேட்கலாம். ஆனால் முதலாளி நியாயமில்லாமல் நடந்தார் என்பது மட்டும் போதாது, ஒப்பந்தத்தை முறித்திருக்க வேண்டும். ஷார்ப் என்பவர் சீட்டாடப் போவதற்காக ஒரு பிற்பகல் வேலைக்கு வராமல் விட்டார். ஐந்து நாள் சம்பளமில்லாமல் இடைநிறுத்தினார்கள். கையில் காசில்லை, லீவுக் காசை முன்கூட்டித் தாருங்கள் என்றார். மறுத்ததும் வேலையை விட்டுவிட்டு வழக்குப் போட்டார். டெனிங் பிரபுவின் நீதிமன்றம் 1977இல் அதை ஏற்கவில்லை. காசு கொடுக்க மறுத்தது ஒப்பந்த மீறலே இல்லை என்றது. மீறல் நடந்தால் சீக்கிரம் மனதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும், இழுத்துக்கொண்டே இருந்தால் விலகும் உரிமை போய்விடும் என்ற எச்சரிக்கையும் அந்தத் தீர்ப்பில் உண்டு. ஆகவே விடுவதா இருப்பதா என்று தீர்மானிக்க நாளெடுப்பவர்கள், எதிர்ப்பையாவது உடனே எழுத்தில் வையுங்கள்.

இதுவரை சொன்னது இங்கிலாந்தின் பொதுச் சட்டம். இலங்கையின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். நம் நீதிமன்றங்கள் ஆங்கிலத் தீர்ப்புகளை மதித்து வாசிக்கும், அவற்றுக்குக் கட்டுப்பட்டவை அல்ல. இன்னொன்று, பொதுச் சட்டம் கைக்குக் கொடுப்பது சொற்பம். பெரும்பாலும் முன்னறிவித்தல் காலத்துச் சம்பளம், அவ்வளவுதான். நிப்பாட்டிய விதத்தால் பட்ட அவமானத்துக்குக் காசில்லை என்று 1909இலேயே பிரபுக்கள் சபை முடிவு கட்டிவிட்டது. எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கிய உங்களுக்கு இது கசக்கும், எனக்கும் கசக்கிறது.

நம் நாட்டில் உண்மையான பரிகாரம் 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் இருக்கிறது. லேபர் கோட் என்று நாம் சொல்லும் தொழில் நியாய சபை 1957இல் கொண்டுவந்த திருத்தத்தால் வந்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், நீதியும் ஒப்புரவுமான கட்டளை எது என்று பார்த்து அது தீர்க்கலாம். திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லலாம், அதற்குப் பதிலாக நட்டஈடு கொடுக்கச் சொல்லலாம். அரச ஊழியருக்கு இந்தக் கதவு இல்லை, தனியார் துறையில் இருக்கும் உங்களுக்கு உண்டு.

இங்கேதான் தம்பியின் பேச்சு ஆபத்தாகிறது. நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேலை முடிவுறுத்தப்பட்ட நாளிலிருந்து 6 மாதம்தான். ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஆகவே நாள் எண்ணத் தொடங்கவே இல்லை என்று நீங்கள் நம்பி இருந்துவிட்டால், நவம்பர் 20க்குப் பிறகு மறுபக்கத்துச் சட்டத்தரணி எழுந்து மே 20ஆம் திகதியைக் காட்டுவார். லண்டன் வங்கியாளருக்கு முடிவு நாள் தள்ளிப்போனது இலாபமாக இருந்தது. உங்களுக்கு அப்படி எந்த இலாபமும் இல்லை. முந்திய திகதியை வைத்தே நாளை எண்ணுங்கள், ஒக்டோபருக்குள் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும்.

மனேஜரின் மிரட்டலும் வெறும் வாய்ப்பேச்சில்லை, அதில் கணக்கு இருக்கிறது. நாங்கள் நிப்பாட்டினோம் என்று முதலாளி ஒத்துக்கொண்டால், ஏன் என்று நியாயப்படுத்தும் பாரம் அவர் தலையில். நாங்கள் நிப்பாட்டவே இல்லை, அவர்தான் வேலையைக் கைவிட்டுப் போனார் என்றால், நிப்பாட்டினார்கள் என்று முதலில் காட்டவேண்டியவர் நீங்கள். ஆனால் வேலைக்கு வராமல் இருந்தால் மட்டும் வேலையைக் கைவிட்டதாகாது. திரும்பி வருவதில்லை என்ற எண்ணமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று நம் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரச பொறியியல் கூட்டுத்தாபன வழக்கில் சொல்லியிருக்கிறது. மறுநாள் காலையில் கேட் வரைக்கும் போனீர்களே, அது பெரிய காரியம். அன்று அங்கே யார் நின்றார்கள், எத்தனை மணி, எந்த பஸ்ஸில் போனீர்கள் என்பதை மறக்குமுன் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

இந்த வாரமே ஒரு கடிதம் போகவேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், நீட்டி எழுத வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"பெப்ரவரி மாதம் முதல் எனது சம்பளத்தை 58,000 ரூபாயிலிருந்து 42,000 ரூபாயாகக் குறைத்ததற்கு நான் சம்மதிக்கவில்லை என்பதை அப்போதே அறிவித்தேன். மே 20ஆம் திகதி நாளை முதல் வரத் தேவையில்லை என்று தாங்கள் கூறினீர்கள். மே 21ஆம் திகதி வேலைக்கு வந்த என்னை வாசலில் தடுத்தார்கள். நான் ராஜினாமாச் செய்யவில்லை, வேலையைக் கைவிடவும் இல்லை. வேலை செய்ய ஆயத்தமாகவே இருக்கிறேன். மே 27ஆம் திகதி வைப்பிலிட்ட 42,000 ரூபாயை எனக்குரிய நிலுவையின் ஒரு பகுதியாக மட்டும் ஏற்கிறேன். இக்கடிதம் கிடைத்து 7 நாளுக்குள் பழைய சம்பளத்தில் வேலைக்கு அழைக்காவிட்டால், மே 20ஆம் திகதி தாங்களே எனது சேவையை முடிவுறுத்தியதாகக் கொண்டு சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன்."

ஏற்பதா பிடித்து வைப்பதா என்ற உங்கள் தெரிவு இந்தக் கடிதத்தில்தான் நடக்கிறது. பழைய சம்பளத்தில் கூப்பிட்டால் போகலாம். கூப்பிடாவிட்டால், முடித்தவர் அவர் என்பதும் எந்த நாளில் என்பதும் எழுத்தில் நிற்கும்.

அக்கரைப்பற்று வேலையும் இந்தத் தெரிவோடு கட்டுண்டது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்று ஒரு கையால் எழுதிக்கொண்டு மறு கையால் போட்டி ஆலையின் கணக்கை எழுதினால், மீறியவர் நீங்கள் என்று திருப்பிவிடுவார்கள். அதனால் அந்த 7 நாளும் கழியட்டும். பிறகு போகலாம். முதலாளியே பிழையாக நிப்பாட்டி, ஊழியர் அதை முடிவாக ஏற்றுக்கொண்டால், பிறகு இங்கே வேலை செய்யாதே அங்கே செய்யாதே என்ற கட்டுப்பாட்டை அந்த முதலாளி நீட்ட முடியாது என்று, போஸ்டர் ஒட்டும் கம்பனி ஒன்றின் முகாமையாளர் அட்கின்சனின் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்த்தது. அதுவும் 1909இல்தான். அது இல்லாவிட்டாலும், கணக்கு எழுதும் ஒருவரை ஒரு மாவட்டம் முழுவதும் 2 வருடம் அடைத்து வைக்கும் வாசகம் எந்த வியாபார இரகசியத்தைக் காக்கிறது என்று ஒரு நீதிபதி கேட்பார். அதற்கு அவர்களிடம் பதில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. புதிய சம்பளத்தால் நட்டஈடு ஓரளவு குறையலாம். அதற்காக வீட்டில் இருக்காதீர்கள்.

22 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள், அது முக்கியம். 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில் வேலையை முடிவுறுத்துவதைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டமும் உண்டு. ஒழுக்காற்றுத் தண்டனையாக அல்லாமல் வேறு காரணத்துக்கு நிறுத்துவதென்றால் உங்கள் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். இரண்டும் இல்லாத நிறுத்தம் சட்டத்தின் முன் செல்லாதது, வெறுமையானது. தண்டனைக்காக நிறுத்தினால், இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். உங்களுக்கு ஒரு துண்டுத் தாளும் தரவில்லை. இருப்புப் புத்தகப் பிழைதான் காரணம் என்றால் நியாய சபை, ஆட்குறைப்பு என்றால் ஆணையாளர். அவர்கள் எந்தக் கதையைச் சொல்லப்போகிறார்கள் என்று கடிதத்துக்கு வரும் பதிலில் தெரியும். வராவிட்டாலும் காத்திருக்க வேண்டாம். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை ஆவணங்களோடு ஒரு சட்டத்தரணியை நேரில் கண்டு முடிவெடுங்கள். யாராவது, மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு வழக்கைப் போட்டுப் பார்ப்போம் என்றால் மறுத்துவிடுங்கள். முதலில் வேறு சட்டப் பரிகாரத்தை நாடியவருக்கு நியாய சபைக் கதவு பிறகு திறக்காது.

சம்பள நிலுவை, பணிக்கொடை, ஊழியர் சேமலாப நிதி மூன்றுக்கும் உங்கள் ஆலை இருக்கும் பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மட்டும் 3 வீதம். ஏழு வருடமும் ஒழுங்காகக் கட்டினார்களா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். பெப்ரவரிக்குப் பிறகு எந்தச் சம்பளத்துக்குக் கட்டினார்கள் என்பதையும் கேளுங்கள்.

இருப்புப் புத்தகத்தைப் பற்றி இரண்டே வார்த்தை. நிப்பாட்டிய பிறகு தேடிக் கண்டுபிடித்த காரணத்தையும் முதலாளி முன்வைக்கலாம் என்பது 1888ஆம் ஆண்டிலிருந்து பொதுச் சட்டத்தில் இருக்கிறது. ஆலையின் புத்தகமோ, பில்லோ, பென்டிரைவோ உங்கள் வீட்டில் இருந்தால், பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுங்கள். கையெழுத்துத் தராவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கடிதமும் பதிவுத் தபாலிலேயே போகட்டும், முதலாளியின் பெயருக்கு ஒன்று, ஆலையின் முகவரிக்கு ஒன்று. தபாற்கந்தோரில் தரும் துண்டை நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், வங்கிப் புத்தகம் இவற்றோடு ஒரே ஃபைலில் வையுங்கள். சட்டத்தரணியைக் காணப் போகும்போது அந்த ஃபைலை அப்படியே கொண்டுபோங்கள், அத்தானையும் கூட்டிக்கொண்டு போங்கள்.